நிலுவை ஏதுமில்லை

முன்கண்ணாடியில் மாநகராட்சி ஒட்டிய தாளில்
என் காருக்குக் கேட்பாரற்ற வாகனம் என்று பேர்.
கேட்பாரா இல்லை?
ஆறு வருஷமாய் மஞ்சக்குப்பம் சந்தில்
வாதாமரத்தடியில் நிற்கிறது,
காற்றில்லாத நாலு டயரோடு.
எதிர்வீட்டு கோவர்த்தன் கேட்டார்,
தண்ணி கேன் போடுகிறவர் கேட்டார்.
பின்சீட்டில் குட்டி போட்ட பூனைதான்
யாரையும் எதுவும் கேட்கவில்லை.

ஏழு நாள் கெடு.

காயலான் கடைக்காரர் டயரை எட்டி உதைத்தார்.
"இருபத்திரண்டு தரேன்மா, கையில காசு.
ஆர்.சி. புக்கை நீங்களே வச்சுக்குங்க, ஞாபகத்துக்கு."
ஞாபகத்துக்கு வேண்டாம் என்றுதானே தள்ளுகிறேன்.
அதுவுமில்லாமல்
ஆவினில் முப்பது வருஷம் வரவு செலவு எழுதியவள் நான்.
பேரேட்டில் பெயர் இருக்கிறவரை பொருள் என்னுடையது.
நாளைக்கே என் நம்பரை மாட்டிக்கொண்டு
எதுவோ ஒரு கார் பாண்டிச் சரக்கைக் கடத்தும்.
கோமளவல்லி, கோமளவல்லி, கோமளவல்லி என்று
கோர்ட் வராந்தாவில் டவாலி கூவுவார்.

முறைப்படி என்றால் முறைப்படி.
கடன் தீர்ந்ததற்கு வங்கிக் கடிதம் வேண்டும்.
கடன் தந்த வங்கியை வேறொரு வங்கி விழுங்கியிருந்தது.
அதன் வயிற்றுக்குள் என் கோப்பைத் தேடப் பதினோரு நாள்.
நடுவில் கெடு முடிந்து,
மன்றாடி, மேலும் ஒரு கெடு.
சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்து
பென்சிலால் தேய்த்தேன்.
துருவுக்கு அடியிலிருந்து
பால்பல் முளைப்பதுபோல் எழுந்தன எண்கள்.

இ-சேவை மையத்தில் ஃபாஸிலா திரையைத் திருப்பினாள்.
"அக்கா, ஒரு ஃபைன் பாக்கி இருக்கு.
கட்டினாத்தான் அடுத்த பக்கம் திறக்கும்."
புதுச்சேரி, நெல்லித்தோப்பு.
நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியது.
14.8.2018, மாலை 6.10.

அன்றைக்குத் தனகோடி சேலத்தில் இருந்தார்.
சிநேகிதர் பேரனுக்குக் காதுகுத்து.
வரும்போது ஒரு கிலோ ஜவ்வரிசி,
நயம் சேலத்துச் சரக்கு என்று.
பாயசம் வைத்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.

"ஐந்நூறுதான்க்கா. கட்டிடவா?"
கட்டு என்றேன்.
ரசீது என் பெயரில் வந்தது.

சேதராப்பட்டுக் கிடங்குக்கு
இழுவை வண்டியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன்.
வழியில் நெல்லித்தோப்பு.
ஒரு பேக்கரி, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம்,
இறக்கிவிட்ட ஷட்டர், மாடிக்கு ஏறும் குறுகல் படி.
எதற்குள் போனார் என்று
பின்னால் சங்கிலியில் வருகிறதே, அதற்குத் தெரியும்.
சிக்னல் விழுந்தது. போனோம்.

"உள்ள எதுனா இருக்கா, ஒரு தபா பாத்துக்குங்கம்மா."
ஓட்டுநர் சீட்டுக்கு அடியில், தண்டவாளத்தில் சிக்கி,
எங்கள் வாசற்கதவின் இரண்டாவது சாவி.
அவர்தான் தொலைத்தார்,
இல்லை, யாரிடமோ கொடுத்துவிட்டார் என்று
இரண்டு மாசம் சோற்றைப் போட்டு முகம் பாராமல் இருந்து
பூட்டையே மாற்றியவள் நான்.

பெட்ரோலை வடித்தார்கள். எண்ணெயை வடித்தார்கள்.
பேட்டரியை இரண்டு பேர் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கினார்கள்.
எண் பொறித்த தகட்டை மட்டும் தனியே அறுத்தார்கள்,
உள்ளங்கை அளவு.
தொட்டுப் பார்க்கக் கேட்டேன். ஓரம் இன்னும் சுட்டது.
எடை எழுநூற்றுப் பதினைந்து கிலோ.
சாவியையும் மேலே போட்டேன்.
எழுநூற்றுப் பதினைந்தேதான்.

அழிப்புச் சான்றிதழை மடிக்காமல்
கைப்பைக்கு வெளியே பிடித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

சந்தில், கார் நின்ற இடத்தில்
தார் புத்தம் புதிதாய் இருந்தது,
ஆறு வருஷ வெயில் படாத கறுப்பு.
அதற்குள் கோவர்த்தன் தன் ஸ்கூட்டரைக்
கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.
சீட்டின் மேல் பூனை.